பாடிக் கொடுத்த பாடம்: ஸ்காட்லாந்தின் பேக்பைப் ஆசான்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைநாட்டில், பேடனாக் வட்டாரத்தில் கேட்லாட்ஜ் என்றொரு சிற்றூர். அங்கே மால்கம் மெக்ஃபர்சனின் வீட்டில் தங்கி, அவரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். காலையில் கூழ் குடிக்கும்போதே பயிற்சிக் குழலை எடுத்துத் துள்ளல் மெட்டுகளை வாசிப்பது மெக்ஃபர்சனின் வழக்கம். பிறகு சதுப்பு நிலத்துக்குத் தள்ளுவண்டியோடு போய், எரிமண் வெட்டிவந்து அடுப்பை மூட்டுவார். அன்றைக்கு வேண்டிய நெருப்பு நின்று எரியத் தொடங்கியதும் மாணவரை ஒட்டி உட்காருவார். புத்தகம், சுரம் எழுதிய தாள் எல்லாவற்றையும் எடுத்து அப்பால் வைத்துவிடுவார். அதன் பிறகு அன்றைய உருப்படியை அடி முதல் முடி வரை வாயால் பாடிக் காட்டுவார்.

அந்த இளைஞர் ஜான் மெக்டொனால்ட். 1865இல் பிறந்து 1953இல் மறைந்த அவர், இன்வர்னஸ் நகரில் வாழ்ந்ததால் ‘இன்வர்னஸ் ஜான் மெக்டொனால்ட்’ என்றே அறியப்பட்டார். இருபதாம் நூற்றாண்டு பேக்பைப் உலகில் அவரளவுக்கு மதிக்கப்பட்ட ஆசான் வேறொருவர் இல்லை. தன் குருவின் பாடமுறையைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்து சொன்னதுதான் மேலே உள்ள காட்சி. பேக்பைப் என்றதும் பாவாடை போன்ற கில்ட் அணிந்த படைவீரர் அணிவகுப்பே நம் கண்முன் வருகிறது. அந்த அணிவகுப்புக்குப் பின்னால், ஒருவர் பாட ஒருவர் கேட்டு வளர்ந்த நெடிய குருவழி ஒன்று இருக்கிறது. வேட்டைக்காடு காப்பவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் சிப்பாய்களும் சுமந்துவந்த மரபு அது.

வாத்தியத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் அந்தப் பாட்டுப் பாடம் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். ஹைலண்ட் பேக்பைப்பில் ஒரு தோற்பை. அதில் காற்றை நிரப்ப ஓர் ஊதுகுழல். மெட்டு வாசிக்க ‘சாண்டர்’ எனப்படும் துளைக்குழல். தோள்மீது சாய்ந்து நிற்கும் மூன்று சுருதிக்குழல்கள். இவற்றில் இரண்டு, சாண்டரின் ஆதார சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். நீளமான மூன்றாவது குழல் இரண்டு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சாண்டரில் பேசுவது ஒன்பதே சுரங்கள். வாத்தியக்காரர் மூச்சு இழுக்கும் நேரத்தில் கை பையை அழுத்திக்கொள்வதால் ஒலி ஒருபோதும் அறுபடாது. உரத்தும் மெதுவாகவும் மாற்றி வாசிக்க வழியே இல்லை. ஒரே சுரத்தை இரண்டு முறை ஒலிக்க வேண்டுமானால் இடையில் வேறொரு சுரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தொட்டு மீள வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். இந்தத் தேவையிலிருந்து பிறந்தவைதான் பேக்பைப்பின் நுணுக்கமான விரல் அலங்காரங்கள் எல்லாம்.

நிறுத்தம் கிடையாது, ஒலியின் ஏற்ற இறக்கமும் கிடையாது. கலைஞரின் கையில் எஞ்சுவது கால அளவு ஒன்றே. எந்தச் சுரத்தைச் சற்று நீட்டிப் பிடிப்பது, எதை விரைந்து கடப்பது என்பதில்தான் சோகமும் வீரமும் வாழ்த்தும் வெளிப்பட வேண்டும்.

இது முழு அளவில் சோதிக்கப்படுவது ‘பீப்ராக்’ என்னும் பேரிசையில். கேலிக் மொழியில் இதைக் ‘கியோல் மோர்’ என்பார்கள். அணிநடை மெட்டுகளும் நடன மெட்டுகளும் சிற்றிசை வகை. பேரிசை உருப்படி ஒன்று பத்து நிமிடங்களுக்கு மேல், சில வேளைகளில் இருபது நிமிடம் வரைகூட நீளும். ‘ஊர்லார்’ என்னும் நிதானமான அடிப்படைப் பகுதியில் தொடங்கி, அதே மெட்டை மேலும் மேலும் அடர்த்தியான விரல் அசைவுகளால் விரித்துச் சென்று, ‘க்ருன்லுவா’ என்னும் உச்ச நிலையை எட்டி, இறுதியில் தொடங்கிய ஊர்லாருக்கே திரும்பும். ஐரோப்பியச் சுரலிபியில் இதை எழுதினால் சுரங்கள் கிடைத்துவிடும். அவற்றின் மூச்சு கிடைக்காது. கோட்டின்மேல் சமமாகத் தெரியும் இரண்டு சுரங்களை நல்ல கலைஞர் எவரும் சமமாக வாசிப்பதில்லை.

இந்தக் குறையை நிரப்பியது ‘காண்டரக்’ என்னும் வாய்ப்பாட்டு முறை. பொருளற்ற அசைகளால் மெட்டைப் பாடும் முறை இது. பொதுவாக உயிரொலிகள் சுரத்தையும் மெய்யொலிகள் விரல் அலங்காரத்தையும் சுட்டும். மிருதங்கம் கற்பவர் கையை வைக்கும் முன்பே சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுவதை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் பயன் உடனே புரியும். கோலின் கேம்பல் என்பவர் 1797 அளவில் இந்த அசைகளை வரிசையாக எழுதிவைத்த கையெழுத்துத் தொகுதிகள் இன்றும் இருக்கின்றன. ஒரு சுரக்கோடுகூட இல்லாமல், வெறும் அசைகளால் நிரம்பிய தொகுதிகள் அவை.

இந்த மரபின் வேர் ஸ்கை தீவில் இருக்கிறது. டன்வேகன் கோட்டையில் ஆண்ட மெக்லியட் குலத் தலைவர்களுக்கு மெக்கிரிம்மன் குடும்பத்தார் பரம்பரை வாத்தியக்காரர்கள். குலத்தலைவர் கொடுத்த நிலத்தில், போர்ரைக் என்னும் கடலோர இடத்தில் அவர்கள் ஒரு கல்விச்சாலையே நடத்தினார்கள். மற்ற குலத்தலைவர்களும் தங்கள் வாத்தியக்காரர்களைப் பாடம் கேட்க அங்கே அனுப்பினார்கள். மெக்ஆர்தர், ரேங்கின், கேர்லாக் மெக்கே போன்ற வேறு பரம்பரைக் குடும்பங்களும் இருந்தன. தேவதை தந்த வெள்ளிக்குழல், ஆண்டுக்கணக்கான குருகுலவாசம் என மெக்கிரிம்மன்களைச் சுற்றிப் பிற்காலத்தில் ஏராளமான கதைகள் படர்ந்துவிட்டன. அவற்றை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் உறுதியாகத் தெரிந்த செய்திகளே போதிய அளவு வியப்பூட்டுபவை. பிரிட்டிஷ் அரசுக்கு எதிரான ஹைலண்ட் கிளர்ச்சியின்போது, அக்குடும்பத்தின் டொனால்ட் பான் மெக்கிரிம்மன் 1746 பிப்ரவரியில் இன்வர்னஸ் அருகே மோய் என்னும் இடத்தில் கொல்லப்பட்டார். ஹைலண்ட் கிளர்ச்சியின் சின்னமாகப் பேக்பைப்பைப் பார்ப்பவர்களுக்கு இது உறுத்தலாகவே இருக்கும். ஏனென்றால் அவருடைய தலைவர் அரசுத் தரப்பில் இருந்தார்; வாத்தியக்காரரும் கிளர்ச்சியாளர்களுக்கு எதிரான படையோடு போய்த்தான் இறந்தார்.

அதே ஆண்டு ஏப்ரலில் கல்லோடன் போரில் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அதன் பிறகு பேக்பைப் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்று பல நூல்களில் படிக்கலாம். அந்தச் சட்டத்தில் ஆயுதமும் ஹைலண்ட் உடையும் தடை செய்யப்பட்டன. பேக்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஜேம்ஸ் ரீட் என்ற வாத்தியக்காரர் அந்த ஆண்டு நவம்பரில் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டது உண்மை. தான் ஆயுதம் ஏந்தவில்லை என்ற அவருடைய வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த ஒரு வழக்கே ‘பேக்பைப் தடை’ என்ற கதையாக ஊதிப் பெருத்துவிட்டது. உண்மையான அடி வேறிடத்தில் விழுந்தது. குலத்தலைவர்கள் தங்கள் மக்களின் காவலர் என்ற நிலையிலிருந்து வாடகை வாங்கும் நிலச்சுவான்தார்களாக மாறினார்கள். பரம்பரை வாத்தியக்காரருக்கு நிலம் கொடுத்துக் காப்பாற்றும் தேவை அவர்களுக்கு இல்லாமல் போனது. ஒரு கலையை ஒழிக்கத் தடைச்சட்டம் வேண்டியதில்லை. அதை வாழவைத்த நிலமானியத்தை நிறுத்தினாலே போதும்.

இந்தச் சரிவின் நடுவே, மரபு அழிந்துவிடுமோ என்று அஞ்சிய ஓர் இளைஞர் இந்தியா வரும் கப்பலில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ஸ்காட்லாந்தின் வடகோடியில் டர்னஸ் ஊர்ப் பாதிரியாரின் மகன் ஜோசப் மெக்டொனால்ட். 1760இல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காகக் கப்பலேறிய அவர், பயணத்திலேயே ஹைலண்ட் பேக்பைப்பின் இலக்கணத்தை எழுதினார். விரல் அமைப்பு, அலங்காரங்கள், உருப்படியின் கட்டமைப்பு என எல்லாவற்றையும் விளக்கும் முதல் நூல் அதுவே. ஆனால் சில ஆண்டுகளிலேயே அவர் இந்தியாவில் காலமாகிவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, சர் ஜான் மெக்ரிகர் மரே என்ற ஹைலண்ட் அதிகாரி வங்காளத்தில் அந்தக் கையெழுத்துப் படியைத் தேடி எடுத்துத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அண்ணன் பேட்ரிக் அதை 1803இல் அச்சிட்டார்.

பழைய புரவலர்கள் விலகிய இடத்தில் புதிதாக வந்தவை சங்கங்களும் போட்டிகளும். லண்டன் ஹைலண்ட் சங்கம் 1781இல் ஃபால்கிர்க் நகரில் முதல் பேக்பைப் போட்டியை நடத்தியது. சில ஆண்டுகளில் அது எடின்பரோவுக்கு மாறியது. வாசிப்புக்குப் பரிசு கொடுத்ததோடு, மெட்டுகளைச் சுரலிபியில் எழுதித் தருபவர்களையும் சங்கம் ஊக்குவித்தது. அப்படி எழுதியவர்களில் முதன்மையானவர் ஆங்கஸ் மெக்கே. அவருடைய வாழ்க்கை பேக்பைப் வரலாற்றிலேயே மிகுந்த பெருமையும் மிகுந்த துயரமும் கொண்டது.

ஆங்கஸ் 1813இல் பிறந்தார். அவருடைய தந்தை ஜான் மெக்கே, ராசே தீவின் புகழ்பெற்ற வாத்தியக்காரர். மெக்கிரிம்மன் வழிப் பாடத்தைப் பெற்றவர். அவர் வாய்வழியாகச் சேர்த்துவைத்திருந்த பெருஞ்செல்வத்தை மகன் காகிதத்தில் இறக்கினார். 1838இல் ஆங்கஸ் வெளியிட்ட தொகுப்பில் 61 பேரிசை உருப்படிகள் உள்ளன. அச்சேறாத பல மெட்டுகள் அவருடைய கையெழுத்துப் படிகளில் தங்கின. 1843இல் விக்டோரியா அரசி தனக்கென ஒரு வாத்தியக்காரரை நியமித்தபோது அந்தப் பதவி ஆங்கஸுக்குக் கிடைத்தது. அரண்மனையில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றிய பின் அவருடைய மனம் சிதைந்தது. அரசியைத் தான் மணந்திருப்பதாக நம்பத் தொடங்கினார். 1854இல் லண்டனின் பெத்லம் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பின்பு டம்ஃப்ரீஸ் நகரிலுள்ள கிரைட்டன் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். 1859 மார்ச்சில் அங்கிருந்து தப்பி, நித் ஆற்றைக் கடக்க முயன்று நீரில் மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 45. இன்றும் போட்டி மேடைகளில் வாசிக்கப்படும் பேரிசையில் பெரும்பகுதி அவருடைய எழுத்தின் வழியாக வந்ததே.

அந்த எழுத்து மரபைக் காப்பாற்றியது, அதே வேளையில் உறையவும் வைத்தது. ஒரே மெட்டை ஸ்கை தீவில் ஒருவிதமாகவும் பெர்த்ஷயரில் வேறுவிதமாகவும் வாசித்த காலம் இருந்தது. அச்சில் ஒன்று வந்ததும் அதுவே ‘சரியானது’ என்ற தகுதியைப் பெற்றது. 1903இல் பீப்ராக் சங்கம் தொடங்கப்பட்டு, போட்டிக்குரிய உருப்படிகளைப் பதிப்பித்தபோது இந்தப் போக்கு வலுத்தது. அச்சங்கத்தின் புள்ளிகள் நிலவுடைமைக் குடும்பத்தினர், ராணுவ அதிகாரிகள், நீதிபதிகள். அவர்களில் பலருக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. வங்காளப் பொறியாளர் படையில் பணியாற்றிய ஜெனரல் தாமசன் தானே ஒரு சுருக்கெழுத்து முறையை வகுத்து, 1900இல் பெருந்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். சங்கத்தின் பதிப்புகளை நெடுங்காலம் கவனித்துவந்த ஆர்ச்சிபால்ட் கேம்பல், இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து லாகூரில் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 1948இல் வெளிவந்த அவருடைய ‘கில்பெர்ரி’ தொகுப்பு இன்றும் மாணவர்களின் கையில் இருக்கிறது.

இவர்களுடைய உழைப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். வாழ்நாள் முழுதும் வாத்தியத்தோடு கிடந்த தொழில்முறைக் கலைஞர் மேடையில் நிற்கிறார். அவர் வாசிப்பது சரியா தவறா என்று சொல்ல, அச்சிட்ட நூலைக் கையில் விரித்துக்கொண்டு, பொழுதுபோக்காகக் கற்ற கனவான்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இது நியாயமா? ஜான் மெக்டொனால்டுக்கே இந்த வருத்தம் இருந்தது. தான் குருவிடம் கேட்டதற்கும் சங்கம் அச்சிட்டதற்கும் உள்ள வேறுபாடுகள் அவரை உறுத்தின. ஆனாலும் அதே சங்கத்துக்காக, முதல் உலகப்போருக்கு முந்தைய ஆண்டுகளிலேயே தெற்கு யுயிஸ்ட் தீவுக்குப் போய் அங்குள்ள இளைஞர்களுக்குப் பாடம் நடத்தினார். அந்தச் சிறு தீவிலிருந்து பின்னாளில் முதல்தரக் கலைஞர்கள் வரிசையாக வந்தார்கள்.

கேட்லாட்ஜ் வீட்டின் கிளைகள் விசித்திரமான இடங்களுக்கெல்லாம் பரவின. ‘கேலம் பீபர்’ என்று கேலிக் மொழியில் மக்கள் அழைத்த மால்கம் மெக்ஃபர்சன் 1898இல் மறைந்தார். அவருடைய மகன் ஆங்கஸ் மெக்ஃபர்சன் எஃகுச் சக்கரவர்த்தி ஆண்ட்ரூ கார்னகியின் சொந்த வாத்தியக்காரராக ஸ்கிபோ கோட்டையில் வேலை பார்த்தார். பிறகு இன்வெரன் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்தினார். 98 வயதுவரை வாழ்ந்து 1976இல் இறந்தார். அவருடைய மனைவியின் பெயரில் அமைந்த ‘இன்வெரனின் திருமதி மெக்ஃபர்சன்’ என்ற ரீல் மெட்டு, வாத்தியக்காரர்களின் விரல் திறனைச் சோதிக்கும் உருப்படிகளில் ஒன்று.

இன்னொரு கிளை அரச குடும்பத்தின் பால்மோரல் பண்ணைக்குச் சென்றது. ராபர்ட் பிரவுன், ராபர்ட் நிக்கல் என்ற இரு இளைஞர்கள் 1920களில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். மான் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் துணை போவதும், காட்டைக் காப்பதும் அவர்களுடைய வேலை. அரசர் ஐந்தாம் ஜார்ஜ் ஏற்பாட்டில் இருவரும் ஜான் மெக்டொனால்டிடம் பாடம் கேட்க இன்வர்னஸுக்கு அனுப்பப்பட்டார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்த பாடம் அது. ‘பால்மோரலின் பாப்கள்’ என்று பேக்பைப் உலகம் அன்போடு அழைத்த இவர்கள், பகலெல்லாம் மலையில் நடந்துவிட்டு மாலையில் மாணவர்களுக்குப் பாடிக் காட்டினார்கள். பிரவுன் 1972இலும் நிக்கல் 1978இலும் மறையும் வரை, பேரிசையை ஆழமாகக் கற்க விரும்பியவர்கள் டீ ஆற்றங்கரையிலிருந்த அவர்களுடைய வீடுகளைத் தேடிப் போனார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் டண்டீ பகுதியைச் சேர்ந்த ஜிம்மி மெக்கின்டாஷ். நடுவயதை நெருங்கும்போதுதான் பேரிசையைத் தீவிரமாகக் கற்று உச்சப் பரிசுகளை வென்றார். பிறகு அமெரிக்காவில் குடியேறி, பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேக்பைப்பைப் பட்டப்படிப்பாகக் கொண்டுவரக் காரணமானார். கேலம் பீபரின் மகனுக்குச் சம்பளம் கொடுத்த அதே கார்னகி நிறுவிய கல்விச்சாலையில், கேலம் பீபரின் பாடம் மூன்று தலைமுறை கடந்து பாடத்திட்டமாகியது.

நிலமானியம் போனபின் வாத்தியக்காரர்களுக்குச் சோறு போட்ட பெரிய இடம் ராணுவம். அது அவர்களிடம் வாங்கிய விலையும் பெரிது. 1897இல் வடமேற்கு எல்லைப்புறத்தின் தர்காய் குன்றில் கார்டன் ஹைலண்டர்ஸ் படை ஏறியபோது, காலில் குண்டு பாய்ந்து விழுந்த ஜார்ஜ் ஃபின்ட்லேட்டர் உட்கார்ந்தபடியே வாசித்தார். விக்டோரியா சிலுவை கிடைத்தது. ஆனால் ஓய்வூதியம் போதாமல் கேளிக்கை அரங்குகளில் வாசித்துப் பிழைக்க நேர்ந்தது. அதைக் கண்டு போர்த்துறை முகம் சுளித்தது. முதல் உலகப்போரில் பணியாற்றிய சுமார் 2,500 பேக்பைப் வீரர்களில் ஏறத்தாழ 500 பேர் மாண்டதாகக் கணக்கு. ஒவ்வொருவரோடும் எழுதப்படாத எத்தனை மெட்டுகள் போயிருக்கும்!

அந்தப் போருக்குப் பின் படையின் வாத்தியக்காரர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு எடின்பரோ கோட்டையில் வில்லி ராஸ் என்பவரிடம் இருந்தது. 1878இல் பிறந்த அவர் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையின் பைப் மேஜராக இருந்தவர். 1950களின் இறுதிவரை ராணுவத்தின் தலைமை ஆசான் அவரே. அவர் தொகுத்த ஐந்து நூல்கள் சிற்றிசையின் பாடப்புத்தகங்களாகவே ஆகிவிட்டன. அவருக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தாய் மேரி காலி. இந்தச் செய்தியை இங்கே நிறுத்தி வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

ராஸின் சமகாலத்தவர் ஜி. எஸ். மெக்லென்னன். 1883இல் எடின்பரோவில் பிறந்தவர். பத்து வயதில் விக்டோரியா அரசியின் முன் வாசித்தவர். 1899இல் கார்டன் ஹைலண்டர்ஸில் சேர்ந்தவர். குழாயிலிருந்து சொட்டும் நீரின் தாளத்தைக் கேட்டு அவர் அமைத்ததாகச் சொல்லப்படும் ‘சிற்றருவி’ என்ற மெட்டு, அன்றைய செவிகளுக்கு முற்றிலும் புதியது. மேலே சொன்ன திருமதி மெக்ஃபர்சன் மெட்டும் அவருடையதே. படையிலிருந்து விலகி அபர்டீனில் வாத்தியம் செய்யும் கடை வைத்த அவர், 1929இல் நுரையீரல் நோயால் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தைக் காண அந்த நகரத்துத் தெருக்களில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள்.

லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ஊரைச் சேர்ந்த டொனால்ட் மெக்லியட்டின் கதை இன்னும் நெருக்கமாகக் கவனிக்கத் தக்கது. 1916இல் பிறந்த அவர் சீஃபோர்த் ஹைலண்டர்ஸில் இருந்தார். 1940இல் பிரான்ஸின் சென் வலேரியில் ஹைலண்ட் படைப்பிரிவு சரணடைந்தபோது பிடிபட்டு, கைதிகளின் நடைப்பயணத்திலிருந்து தப்பித்து நாடு திரும்பினார். ஜான் மெக்டொனால்டிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டார். மேடையில் எட்டு முறை இன்வர்னஸின் கிளாஸ்ப் விருதை வென்றார். தங்கப் பதக்கம் பெற்றவர்கள் மட்டுமே மோதும் போட்டி அது. 1962இல் ராணுவத்தை விட்டபின் கிளாஸ்கோவில் வாத்தியம் தயாரிக்கும் கடையொன்றில் பங்காளியானார். ஆனால் பதக்கங்களையும், அவர் இயற்றிய நூற்றுக்கணக்கான மெட்டுகளையும்விடப் பெரிய கொடை ஒன்று உண்டு. இருநூறுக்கும் மேற்பட்ட பேரிசை உருப்படிகளைப் பயிற்சிக் குழலில் வாசித்தும், பாடிக் காட்டியும், விளக்கியும் ஒலிநாடாவில் பதிந்துவைத்துவிட்டு 1982இல் மறைந்தார். கேட்லாட்ஜ் அடுப்பங்கரையில் நடந்த பாடத்தை, அங்கே போக முடியாத எவரும் கேட்கும்படி செய்தவர் அவர்.

ஒரு குருவைத் தேடிப் போக வசதியில்லாத நகரத்துச் சிறுவர்களின் கவலை வேறு இருவரை உந்தியது. 1944இல், போர் முடியும் முன்பே, ஷேமஸ் மெக்நீலும் தாமஸ் பியர்ஸ்டனும் கிளாஸ்கோவில் ‘காலேஜ் ஆஃப் பைப்பிங்’ என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். மெக்நீல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர். பேக்பைப்பின் ஒலியையும் சுர இடைவெளிகளையும் ஆய்வகத்தில் அளந்து 1950களில் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டவர். அந்த அளவீடுகளின் மதிப்பு இன்று கூடியிருக்கிறது. அப்போது நொடிக்குச் சுமார் 459 அதிர்வுகளில் இருந்த ஆதார சுரம், இன்றைய போட்டி மேடைகளில் 480ஐ எட்டிவிட்டது. கேட்கும் ஒலியே வேறாகிவிட்டது. பள்ளி வெளியிட்ட மெல்லிய பச்சை அட்டைப் பாடநூல் உலகெங்கும் போனது. 1948இல் தொடங்கிய ‘பைப்பிங் டைம்ஸ்’ மாத இதழை மெக்நீல் 1996இல் இறக்கும்வரை நடத்தினார். கூர்மையான, விட்டுக்கொடுக்காத பேனா அவருடையது.

அந்தக் கூர்மை பட்டவர்களில் ஒருவர் கார்டன் டங்கன். 1964இல் பிறந்த அவர் பெர்த்ஷயரில் குப்பை அள்ளும் வண்டியில் வேலை பார்த்தவர். பிரெட்டன், ஐரிஷ், ராக் இசைகளையெல்லாம் ஹைலண்ட் பேக்பைப்புக்குள் கொண்டுவந்து, அதுவரை வழக்கத்தில் இல்லாத இடைச் சுரங்களை விரல் சறுக்கலால் வரவழைத்து, இளைஞர்களை மயக்கினார். மூத்தவர்களில் பலர் முகம் திருப்பினார்கள். 1994இல் வெளிவந்த தன் முதல் தனி இசைத்தொகுப்புக்கு அவர் ‘ஷேமஸுக்காக’ என்று பெயர் வைத்தார். மெக்நீலின் கடுமையான விமர்சனத்துக்கான பதில் அது. 2005இல், 41 வயதில் அவர் இறந்துவிட்டார். இன்று இளம் பேக்பைப் குழுக்கள் அவருடைய மெட்டுகளை வாசிக்காத நாள் இல்லை. இந்த வழக்கில் மெக்நீலின் தீர்ப்பு தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. அலங்காரங்களின் துல்லியத்தில் டங்கன் எந்தப் பழைய ஆசானுக்கும் குறைந்தவர் அல்லர். அடிப்படையை முழுமையாகக் கற்றவர் என்பதால்தான் அதை வளைக்க அவரால் முடிந்தது.

இந்த வரலாற்றில் மிக நீண்ட அநீதி பெண்களுக்கு நேர்ந்தது. வில்லி ராஸுக்குத் தாய் பாடம் சொன்னதைப் போல, தீவுகளில் எத்தனையோ வீடுகளில் காண்டரக் அசைகள் பெண்களின் குரலில் பிழைத்திருந்தன. பாரா தீவின் மேரி மாரிசன் பாடிய காண்டரக், எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டிஷ் ஆய்வுப்பள்ளி சேகரித்த பதிவுகளில் இருக்கிறது. தெற்கு யுயிஸ்டின் ரோனா லைட்ஃபுட் வாத்தியத்திலும் காண்டரக் பாடுவதிலும் தேர்ந்தவர். ஆனாலும் ஓபன், இன்வர்னஸ் ஆகிய ஊர்களில் நடக்கும் இரண்டு உச்சப் போட்டிகளும் பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச்சட்டம் இயற்றிய பிறகுதான் நிலைமை மாறியது. கற்றுக் கொடுக்கத் தகுதி உண்டு, மேடையேறத் தகுதி இல்லை என்ற நிலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. ஓபனில் தங்கப் பதக்கத்தை ஒரு பெண் முதன்முதலாக வென்றது 2010இல். அவர் ஃபே ஹென்டர்சன். அப்போது வயது 18. அவருடைய தாய், தந்தை இருவருமே பேரிசைக் கலைஞர்கள்.

இன்று பாடம் கேட்கும் இடங்கள் மாறிவிட்டன. 1996இல் கிளாஸ்கோவின் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் தேசிய பைப்பிங் மையம் திறக்கப்பட்டது. மெக்நீலின் பள்ளி 2018இல் அதனோடு இணைந்தது. ஸ்காட்லாந்து அரச இசைக்கல்லூரியில் பேக்பைப்பில் பட்டம் பெறலாம். நல்ல ஆசிரியர் இணையவழியே ஆஸ்திரேலியச் சிறுவனுக்கும் கற்பிக்கிறார்.

இவ்வளவு வசதி வந்தபின் பழைய முறை எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பாரா தீவின் கேலம் ஜான்ஸ்டனை நினைவூட்டலாம். பாட்டிலும் வாத்தியத்திலும் அந்தத் தீவின் மரபைச் சுமந்தவர். 1972இல் எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சியின் உடல் அடக்கத்துக்காகப் பாராவுக்கு வந்தபோது, எண்பதைக் கடந்திருந்த ஜான்ஸ்டன் கொட்டும் மழையில் நின்று வாசித்தார். அன்றே அங்கேயே சாய்ந்து உயிர்விட்டார். நல்லவேளையாக, ஆய்வுப்பள்ளியின் ஒலிப்பதிவுக் கருவி அதற்கு முன்பே அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

பேக்பைப்பை அணிவகுப்பின் இரைச்சலாக மட்டும் கேட்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதக்கம் வென்றவர்களின் மேடைப் பதிவிலிருந்து தொடங்க வேண்டாம். ‘பேரிசை மேதைகள்’ என்ற வரிசையில் பிரவுனும் நிக்கலும் வாசித்தும் பாடியும் காட்டிய பதிவுகள் கிடைக்கின்றன. டொனால்ட் மெக்லியட்டின் பாடப் பதிவுகளும் கிடைக்கின்றன. முதலில் ஓர் ஊர்லாரை அவர்கள் குரலில் கேளுங்கள். அதன் பிறகு அதே உருப்படியை முழு வாத்தியத்தில் கேளுங்கள்.